சாலையோரக் காட்டுப்பூக்களைத் தனியே சென்று படமெடுக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் ஊராட்சிச் சாலைகளில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், ஓரத்தில் பூத்திருப்பவற்றைப் படமெடுத்துத் திரும்புவதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். நான் பார்த்த வரையில் பெரும்பாலான படங்கள் லென்ஸால் கெடுவதில்லை. பூக்காத மாதத்தில், பூக்காத சாலையில், அல்லது பூ மூடிக்கொண்ட பிறகு போய் நிற்பதால் கெடுகின்றன. எனவே இங்கே மாதமும் சாலையும் நேரமும் முன்னால் வருகின்றன, கேமரா பிற்பாடு வருகிறது. கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும்.

1. மாதத்தையும் சாலையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் ஐப்பசி மழை இறங்கிச் சுமார் மூன்று வாரம் கழித்துச் சிறு செடிகள் பூக்கத் தொடங்கும். கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களும் நல்ல காலம். மாசி பிறந்ததும் புல் காய்ந்துவிடும். அப்போது ஆவாரை, எருக்கு போன்ற வறட்சி தாங்கும் செடிகளே மிஞ்சும். முதல் மழை பெய்த மறுநாளே கிளம்பி, ஒன்றும் இல்லை என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மண் நனைந்தால் போதாது, விதை முளைத்து வளர வேண்டும்.

நான்குவழிச் சாலைகளை விட்டுவிடுங்கள். அங்கே ஓரத்தைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், நிறுத்தவும் முடியாது. கண்மாய்க்கரையை ஒட்டிப் போகும் சாலை, கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் உள்ள ஒற்றைத்தடத் தார்ச்சாலை, பாறைக்குன்றின் அடிவாரச் சாலை ஆகிய மூன்றும் ஒரே நாளில் வருமாறு வழி அமைத்தால், நீர் விரும்பும் செடி, புஞ்சைச் செடி, கல்லாங்குத்துச் செடி மூன்றையும் பார்த்துவிடலாம். மேலூர், நத்தம் சுற்றுவட்டாரத்தில் இப்படி வழி அமைப்பது எளிது.

சீமைக்கருவேலம் இருபுறமும் அடர்ந்து நிற்கும் சாலைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் நிழலில் தரைச்செடிகள் மிகக் குறைவாகவே பிழைக்கின்றன. ஆடு மாடு தினமும் மேயும் பாதைகளிலும் அவை தின்னாத எருக்கு, ஊமத்தை, பிரம்மதண்டு போன்றவைதான் அதிகம் நிற்கும். அவையும் அழகானவைதான், வேறு எதையாவது எதிர்பார்த்துப் போனால்தான் ஏமாற்றம்.

காப்புக்காடு என்று வனத்துறைப் பலகை இருக்கும் இடத்தில் சாலையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி போன்ற ஊர்களில் ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பது முறை.

2. பூ விரியும் நேரத்துக்கு ஏற்பப் பயணத்தை அடுக்குங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், பாதிப் பூக்களைத் தவறவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள்.

கண்மாயில் வெள்ளல்லி இரவில் விரிந்து, காலை வெயில் ஏற ஏறக் கூம்பும். ஆகவே நீர்நிலைதான் முதல் நிறுத்தம். மார்கழியில் சூரியன் ஆறரை மணியளவில் எழுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் கரையில் இருக்க வேண்டும், வீட்டில் அல்ல.

அடுத்து விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானை விடச் சிறிய இந்த நீலப்பூ காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் சுருண்டுவிடும். ஓரிதழ்த்தாமரையும் நெருஞ்சியும் காலை வெயிலில்தான் நன்றாக இருக்கும். ஆகையால் எட்டிலிருந்து பத்து வரை புஞ்சைக்காட்டுச் சாலை.

தும்பை, ஆவாரை, எருக்கு, கண்டங்கத்தரி ஆகியவை பகல் முழுவதும் பூவோடு நிற்பதால் அவற்றுக்கு அவசரமில்லை. அவற்றைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கினால், காலையின் நல்ல வெளிச்சம் அவசரக்காரப் பூக்களுக்குக் கிடைக்கும்.

துத்தி இதற்கு நேர்மாறானது. அதன் மஞ்சள் பூ பிற்பகல் சாயும்போதுதான் இதழ் பிரிக்கும். காலையில் துத்திச் செடியைப் பார்த்துவிட்டு, இதில் பூவே இல்லை, காய்தான் இருக்கிறது என்று கடந்து போகிறவர்கள் பலர். ஊமத்தையும் மாலையில்தான் மலர்கிறது. இவை நிற்கும் இடத்தைக் காலையில் குறித்து வைத்துக்கொண்டு, நான்கரை மணிக்கு மேல் அதே வழியில் திரும்புங்கள். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை படமெடுப்பதை நான் விட்டுவிட்டேன். வெயில் உச்சியில் நிற்கும்போது பூவின் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் கறுத்தும் விழுவதை எந்தக் கேமராவாலும் சரிசெய்ய முடிவதில்லை. அந்த நேரம் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் உரியது.

3. முந்தைய இரவே எடுத்து வையுங்கள்

படமெடுக்கும் கருவி எதுவாக இருந்தாலும் கீழ்க்கண்டவை உடன் இருக்க வேண்டும்: முழங்காலுக்கு அடியில் போட ஒரு சாக்கு, கணுக்கால் மூடும் காலணி, நான்கடி நீளக் கம்பு, வெள்ளைத் துணி ஒரு முழம், கட்டைவிரல் தடிமனுள்ள மூங்கில் குச்சியில் கட்டிய துணி மாட்டும் கிளிப், குறிப்பேடு, தண்ணீர், கைப்பேசிக்குச் சார்ஜர்.

சாக்கு சாதாரணப் பொருளாகத் தோன்றும். நெருஞ்சிப் பூவைப் படமெடுக்க முழங்காலிட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், ஏனென்றால் அந்தப் பூவுக்கு அடியிலேயே போன மாதத்து நெருஞ்சி முள் காத்திருக்கும். கம்பு, புல்லுக்குள் கால் வைக்கும் முன் தரையைத் தட்டுவதற்கு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நாம் நடக்கும் இதே புதர்களில் வாழ்கின்றன. தட்டினால் அதிர்வை உணர்ந்து விலக அவற்றுக்கு நேரம் கிடைக்கும்.

கேமரா என்றால் 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான, மிக நெருங்கி எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸ் போதும். முக்காலியை நான் எடுத்துப் போவதில்லை. சாலையோரச் சரிவில் அதை விரித்து நிறுத்துவதற்குள் காற்று வந்துவிடும், அதன் கால்கள் பக்கத்துச் செடிகளை மிதிக்கும். கையில் பிடித்தே எடுக்கப் பழகிக்கொள்வது நல்லது.

4. தனியாகப் போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்

இந்த வேலைக்குத் துணை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். உடன் வருகிறவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும், ஒரு தும்பைச் செடியின் முன் நாற்பது நிமிடம் நீங்கள் முழங்காலிட்டிருக்கும்போது அவர் காரில் காத்திருக்கிறார் என்ற நினைப்பு உங்கள் கையை அவசரப்படுத்தும். தனியாக இருக்கும்போது நிறுத்துவதும் திரும்புவதும் ஒன்றும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதும் உங்கள் விருப்பம். காற்று நிற்பதற்காகக் காத்திருக்கும் அந்த நிமிடங்களில் வண்டு எந்தப் பூவுக்குப் போகிறது, எறும்பு எந்தத் தண்டில் ஏறுகிறது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். நான் மறுபடி மறுபடி கிளம்பிப் போவது அதற்காகத்தான். படம் அதற்கு ஒரு காரணம் மட்டுமே.

தனியாகப் போவதால் ஒரு கடமை கூடுகிறது. எந்தச் சாலை, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வழி மாறினால் அலைபேசியில் தகவல் சொல்லுங்கள். குன்றின் மறுபக்கத்தில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், அங்கே இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ கட்டுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும், அருகில் தெரியும் வீட்டையும் உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

5. வண்டியை நிறுத்தும் முறை

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டினால் சிறு பூக்கள் தெரியாது. அதே வேகத்தில் ஓரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் எதிரில் வரும் ஆடு தெரியாது. ஓட்டும்போது நிறத்தை மட்டும் கவனியுங்கள்: பச்சைக்குள் மஞ்சள், வெள்ளை, ஊதா என்று ஏதோ ஒன்று கடந்தால் போதும். அந்த இடத்திலேயே பிரேக் போட வேண்டாம். அடுத்த அகலமான இடத்தில், வளைவும் பாலமும் இல்லாத நேர்ப்பகுதியில் நிறுத்தி, நடந்து திரும்பி வாருங்கள். அந்த இருநூறு அடி நடையில் காரிலிருந்து பார்க்காத நான்கைந்து செடிகள் கண்ணில் படுவது வழக்கம்.

மண்ணின் நிறத்தைப் பார்க்காமல் தார்ச்சாலையை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். மழை நின்று ஐந்தாம் நாள் ஒரு கொழுஞ்சிப் புதருக்காக நான் இடது சக்கரங்களை ஓரத்தில் இறக்கினேன். படமெடுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பியபோது சக்கரம் சுழன்று அச்சு வரை அமிழ்ந்தது. உளுந்துக் காட்டில் வேலை செய்தவர்கள் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கரிசலில் நான்கு சக்கரமும் கெட்டித் தரையில் இருக்குமாறே நிறுத்துகிறேன்.

தை மாதத்தில் சாலையின் ஒரு பாதியில் சோளம், கேழ்வரகு, உளுந்து என்று பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதன் அருகே நிறுத்தினால் மற்ற வண்டிகள் தானியத்தின் மேல் ஏறிப் போக நேரிடும். சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். நிறுத்தியதும் அபாய விளக்கைப் போட்டு, பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்த பிறகே கதவைத் திறங்கள்.

குளிர்சாதனத்தில் ஓட்டி வந்திருந்தால் இன்னொரு விஷயம். குளிர்ந்த லென்ஸை மார்கழிக் காலையின் ஈரக் காற்றில் எடுத்ததும் அதன் மேல் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும். முதல் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

6. கேமராவை எடுக்கும் முன் செடியைச் சுற்றி வாருங்கள்

கண்ணில் பட்ட முதல் பூவை நின்ற வாக்கில் மேலிருந்து எடுப்பது எல்லாரும் செய்யும் பிழை. அப்படி எடுத்த படத்தில் பின்னணியாக மண்ணும் சருகும் பூவுக்கு மிக அருகிலேயே விழுவதால், எல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும்.

கம்பால் தட்டி, மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். மூன்றைத் தேடுங்கள்: பூச்சி கடிக்காத இதழ் உள்ள பூ, வெளிச்சம் வரும் திசை, பூவுக்குப் பின்னால் வெகு தொலைவு வரை காலியாக இருக்கும் ஒரு கோணம். மூன்றாவதுதான் முக்கியமானது. பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாகக் கரையும்.

இங்கேதான் சாலை உதவிக்கு வருகிறது. கிராமத்துச் சாலைகள் வயலை விட இரண்டு மூன்று அடி உயரத்தில் கரைபோலப் போடப்பட்டிருக்கும். சாலையில் நின்று குனிவதற்குப் பதிலாகச் சரிவில் இறங்கிப் பக்கவாட்டில் முழங்காலிட்டால், தரையோடு கிடக்கும் பூ உங்கள் மார்பு உயரத்துக்கு வந்துவிடும். பின்னால் நெல்வயலோ வானமோ மட்டும் இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் நல்ல பின்னணி அது.

பக்கத்துப் புல் குறுக்கே வந்தால் பிடுங்காதீர்கள். கிளிப்பால் ஒதுக்கிப் பிடித்து, எடுத்து முடித்ததும் விட்டுவிடுங்கள். பூவைப் பறித்து வேறு இடத்தில் வைத்து எடுப்பது இந்த வேலையே அல்ல. சிலர் தெளிப்பானில் தண்ணீர் அடித்துப் பனித்துளி காட்டுகிறார்கள். விஷ்ணுகிராந்தி போன்ற மெல்லிய பூக்களின் இதழ் அந்த எடையில் தளர்ந்து மடங்கிவிடும். மார்கழியில் உண்மையான பனியே போதுமான அளவு இறங்குகிறது.

எருக்கின் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் கெடுதல்.

7. வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

நெருஞ்சி, ஆவாரை போன்ற திறந்த மஞ்சள் பூக்களுக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேராக விழுந்தால் இதழின் மடிப்பு தெரியாமல் ஒரே மஞ்சளாக அப்பிக்கொள்ளும். பூளைப்பூ இதற்கு விலக்கு. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கும் அதே பூளைதான். அதன் வெண்பஞ்சுக் கதிர்களை முன்வெளிச்சத்தில் எடுத்தால் அழுக்குப் பஞ்சு போல இருக்கும், சூரியனை அதற்குப் பின்னால் வைத்து எடுத்தால் ஒவ்வொரு மயிரும் ஒளிரும்.

வெயில் கடுமையாகிவிட்டால் வெள்ளைத் துணியைக் கம்பில் மாட்டிப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடியுங்கள். உங்கள் உடம்பு நிழலைப் போட்டு எடுப்பதை விட இது மேல், ஏனென்றால் உடம்பு வெளிச்சத்தை முழுவதும் மறைக்கிறது, துணி அதை மென்மையாக்கி உள்ளே விடுகிறது.

8. ஃபோகஸும் காற்றும்

கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சாரில் பூ அதன் உண்மை அளவிலேயே பதியும் அளவுக்கு நெருங்கினால், பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டகக் கேமராவில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். உண்மை அளவில் கால் பங்காகப் பதியும்படி பின்வாங்கினால் அது ஒரு சென்டிமீட்டர் வரை போகும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், புதியவர்கள் ஏன் திணறுகிறார்கள் என்பது புரியும். அவர்கள் மிக அருகே போய், மகரந்தத்தாள் மட்டும் தெளிவாக, இதழ் முழுவதும் கலங்கிய படத்தோடு வருகிறார்கள். ஒரு சாண் பின்னால் வந்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது பெரும்பாலும் நல்ல முடிவு.

பூவின் எந்தப் பகுதிகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவை எல்லாம் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள். கேமராவைச் சற்றே ஒருபக்கம் திருப்பினால் கிடைக்கும் தெளிவு, அப்பர்ச்சரை இரண்டு படி மூடினாலும் கிடைக்காது.

தானியங்கி ஃபோகஸ் இந்தத் தூரத்தில் பூவைத் தாண்டிப் பின்னால் போய்ப் பிடிக்கும், மறுபடி முன்னால் வரும், அதற்குள் வண்டு போய்விடும். ஃபோகஸைக் கையால் ஒரு தூரத்தில் பூட்டிவிட்டு, முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டு, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மிக மெதுவாக அசையுங்கள். வேண்டிய இடம் தெளிந்து வரும் கணத்தில் ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றில் ஒன்று சரியாக இருக்கும்.

ஷட்டர் வேகம் காற்றில்லாதபோது 1/250 நொடி, தண்டு ஆடும்போது 1/500 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 800 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். சற்றே மணல்போல் புள்ளி தெரியும் படத்தை ஏற்றுக்கொள்ளலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

கைப்பேசியில் வேறு சிக்கல். பல கைப்பேசிகள் பூவுக்கு மிக அருகே கொண்டுபோனதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அப்போது படத்தின் தரம் குறையும், கைப்பேசியின் நிழலும் பூவின் மேல் விழும். இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொண்டு ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடித்தால் இரண்டும் தீரும். திரையில் பூவின் மீது விரலைச் சிறிது நேரம் அழுத்தி ஃபோகஸைப் பூட்டுவதையும் மறக்காதீர்கள், இல்லையென்றால் பின்னால் இருக்கும் இலைக்கு அது தாவிவிடும்.

காற்று வீசினால் காத்திருங்கள். எவ்வளவு வீசினாலும் இடையில் இரண்டு மூன்று நொடி நிற்கும். தண்டு ஆடி முடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கணம் ஒன்று இருக்கிறது. அதைக் கண் பழகிக்கொள்ளும். தாங்க முடியாத அளவு ஆடினால் மூங்கில் குச்சியைப் பக்கத்தில் ஊன்றி, படத்தில் வராத அடித்தண்டைக் கிளிப்பால் தளர்வாகப் பிடிக்கலாம். இறுக்கினால் தண்டு நசுங்கும்.

9. நிறம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தும்பை கருப்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிய வெள்ளைப் பூவாக நிற்கிறது. கேமரா இலைகளின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், தும்பை விவரமே இல்லாத வெள்ளைப் புள்ளியாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி குறையுங்கள். அப்போதுதான் மேலிதழின் மயிர்கள் தெரியும். படம் முழுவதும் வெள்ளைப் பூவே நிறைந்திருந்தால் நேர்மாறாகச் சற்றுக் கூட்ட வேண்டும். கைப்பேசியில் ஃபோகஸைப் பூட்டியதும் தோன்றும் சூரியக் குறியை விரலால் கீழே இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சிவப்பும் அடர்மஞ்சளும் திரையில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நிறைந்து வழிந்து விவரம் இழந்திருக்கும். கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைக் காட்டும் வசதியை இயக்கி, சிவப்பின் மேடு வலது ஓரத்தில் முட்டாதபடி குறைத்து எடுங்கள். நீலப்பூக்களில், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் விஷ்ணுகிராந்தி ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்ததில் ஊதாவாகவும் வரக்கூடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவிடுங்கள்.

10. ஒரு பூவை முழுமையாக எடுத்துப் பாருங்கள்: செங்காந்தள்

மேலே சொன்னவற்றை ஒரே செடியில் பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் செங்காந்தளைச் சொல்வேன். வேலிப்புதர்களில் படர்ந்து மழைக்காலத்தில் பூக்கிறது. பூ கைகொள்ளும் அளவு பெரியது.

முதலில் இலையைப் பாருங்கள். அதன் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கிளையைச் சுற்றியிருக்கும். அந்த நுனி இல்லாத செங்காந்தள் படம் பாதிப் படம்தான்.

அடுத்துப் பூ. அது தலைகீழாகத் தொங்குகிறது; ஆறு இதழ்களும் அலையலையான விளிம்போடு பின்னோக்கி மேலே மடங்கி நிற்கின்றன. மேலிருந்து எடுத்தால் இதழ் நுனிகளின் குவியல்தான் தெரியும். பக்கவாட்டிலோ சற்றுக் கீழிருந்தோ எடுத்தால், ஆறு மகரந்தத்தாள்கள் சுற்றிலும் விரிந்திருப்பதும், சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி அவற்றை விட்டு ஒருபக்கம் விலகி நீள்வதும் தெரியும். அந்த மடிப்புத் தெளிவாக விழும்படி கேமராவைத் திருப்புங்கள்.

ஒரே கொடியில் பச்சைமஞ்சள் மொட்டு, மஞ்சளும் சிவப்பும் கலந்த புதுப்பூ, முழுச்சிவப்பாக மாறிய பழைய பூ எல்லாம் இருக்கும். இந்த நிறமாற்றத்தை ஒரே சட்டகத்தில் காட்ட முடிந்தால் அந்தக் காலை வீண்போகவில்லை. கிழங்கு கடும் நஞ்சு. தொட்டுத் தோண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கம்பியிலோ முள்கட்டையிலோ படரவிட்டு, காலையில் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். மேலே சொன்ன சூல்தண்டு விலகி நிற்பதால்தான் அந்த வேலை தேவைப்படுகிறது. வரிசையாக நிற்பதைப் பார்த்துக் காட்டுப்பூ என்று எண்ணி உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அது ஒருவரின் வருமானம். அனுமதி கேட்டால் பெரும்பாலும் அவர்களே நல்ல பூவைக் காட்டுவார்கள்.

11. பெயர் தெரிய வேண்டுமானால் ஐந்து படங்கள்

அழகான ஒரு படம் எடுத்த மகிழ்ச்சியில் அடுத்த செடிக்குப் போய்விடாதீர்கள். பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, இலையின் மேல்புறமும் அது தண்டில் சேரும் இடமும், காய், முழுச்செடி என்று ஐந்தையும் எடுங்கள். அளவு தெரிய ஒன்றில் விரலோ நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும்.

காரணம் எளிது. வெள்ளைப்பூ பூக்கும் தும்பையும், வெளிர்நீலப் பூவைக் கவிழ்த்துப் பிடிக்கும் கவிழ்தும்பையும் பெயரில்தான் உறவு, செடியில் அல்ல. தூதுவளையும் கண்டங்கத்தரியும் பூவில் ஒன்றுபோல் ஊதா நட்சத்திரம். முதலாவது கொடி, இரண்டாவது தரையோடு படரும் முட்செடி. பூ மட்டும் இருக்கும் படத்தில் இது தெரியாது. ஓரிதழ்த்தாமரைக்கு உண்மையில் ஐந்து இதழ்கள். நான்கு மிகச் சிறியவையாக இருப்பதால் ஓரிதழ் என்று பெயர் வந்துவிட்டது. பக்கவாட்டுப் படம் இருந்தால்தான் அந்த நான்கையும் காட்ட முடியும். தொடக்க நாட்களில் நான் எடுத்த பல நல்ல படங்கள் இலை இல்லாத காரணத்தால் இன்றும் பெயரில்லாமல் இருக்கின்றன.

அக்கம்பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் இருந்தால், "ஐயா, இதுக்கு இங்க என்ன பேரு?" என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். அவர் சொன்ன சொல்லை, ஊர்ப்பெயரோடு அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

12. அன்றிரவே செய்ய வேண்டியவை

படங்களைக் கணினிக்கு மாற்றி, அசைந்தவற்றை அன்றே நீக்குங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாமே நினைவுக்காக வைத்துக்கொள்ளத் தோன்றும், எதுவும் குறையாது. பிறகு ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, சாலை, நேரம், மண், பூ விரிந்திருந்ததா கூம்பியிருந்ததா. அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் எந்தச் சாலைக்குப் போவது என்பதை இந்த வரிகள்தான் சொல்லும்.

பெயர் தெரியாதவற்றை, உயிரினங்களைப் பதிந்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஐந்து படங்களோடு ஏற்றினால் அறிந்தவர்கள் உதவுவார்கள். காட்டு ஆர்க்கிட், செங்காந்தள் போல, கிழங்கோடு தோண்டிச் செல்லப்படும் செடிகளுக்கு இருப்பிடத்தை மறைக்கும் வசதியை இயக்கிவிட்டு ஏற்றுங்கள். மற்ற இடங்களில் படத்தைப் பகிரும்போது, கைப்பேசி பதிந்துவைத்த இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, குறிப்பேட்டில் அன்று மூடியிருந்ததாக எழுதிய செடிகளைத் தனியே பட்டியலிட்டு, அவற்றின் எதிரே மறுவாரத்துக்கான நேரத்தைக் குறித்துவிடுங்கள். என் குறிப்பேட்டில் இந்த வாரம் அப்படி ஒரே வரிதான் இருக்கிறது: நத்தம் சாலை, கலுங்குக்கு அடுத்த மேடு, துத்தி, மாலை ஐந்து மணி.